ஏழு புள்ளிக்குள் தோற்பது

எங்கள் ஊர் ரக்பி கிளப்பில் களத்தில் இறங்கப் பதினைந்து பேர் தேறுவது கஷ்டம். கமிட்டியில் உட்கார மட்டும் இருபத்தொரு பேர் எப்போதும் தயார். இருபத்தொரு பேருக்கும் கருநீலக் கோட்டு. நெஞ்சுப் பையின்மேல் தங்க நூலில் ஒரு மரம், அதன் கீழே வேல்ஷ் மொழியில் ஒரு வீர வாசகம். வாசகத்துக்கு என்ன அர்த்தம் என்று கேட்ட ஒரே உறுப்பினரை, கிளப்பின் மாண்பைக் குலைத்ததற்காகக் கமிட்டி ஒருமனதாக நீக்கிவிட்டது.

நான் ஆட்டக்காரனும் இல்லை, கோட்டுக்காரனும் இல்லை. கொடிக்காரன். எங்கள் மட்டத்து லீகில் மேலிடம் நடுவர் ஒருவரை மட்டும்தான் அனுப்பும். எல்லைக்கோட்டில் ஓடும் லைன்ஸ்மேன்களை ஆளுக்கு ஒருவராக இரண்டு கிளப்பும்தான் தர வேண்டும். பந்து எந்த இடத்தில் வெளியே போனதோ அந்த இடத்தில் நின்று கொடியைத் தூக்க வேண்டும். கோலுக்கு உதைக்கும்போது இருவரும் ஆளுக்கொரு கம்பத்தின் பின்னால் போய் நின்று, பந்து கம்பங்களுக்கு நடுவே போனால் தூக்க வேண்டும், போகாவிட்டால் சும்மா நிற்க வேண்டும். இவ்வளவுதான் வேலை. இதற்கு ஆள் கிடைப்பதில்லை. எதிர் ஊர்க்காரன் என்று ஆட வந்தவர்கள் நம்பமாட்டார்கள். எதிர் ஊருக்கும் நியாயம் பார்க்கிறான் என்று சொந்த ஊர்க்காரர்கள் நம்பமாட்டார்கள்.

எனக்கு இது பழக்கம். வாரத்தில் ஐந்து நாளும் பக்கத்து டவுனில் டிரைவிங் டெஸ்ட் எடுப்பவன் நான். எங்கள் ஊரான கும்ஹெலிக்கில் பாதிப் பேரை ஒரு தடவையாவது ஃபெயில் ஆக்கியிருக்கிறேன். மீதிப் பாதிக்கு வண்டி கிடையாது. என் மனைவி மெரியல் வீட்டைவிட்டுப் போன அன்று வாசலில் நின்று சொன்னாள்: "உன்கூட இருக்கறது தினமும் டிரைவிங் டெஸ்ட் குடுக்கற மாதிரி இருக்கு எல்வின். எப்ப பாத்தாலும் பக்கத்து சீட்ல உக்காந்து மார்க் போட்டுட்டே இருக்க." சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாள். தெரு முனையில் திரும்பும்போது கண்ணாடியைப் பார்க்கவில்லை. அதை நான் கவனித்தேன் என்பதுதான் அவள் சொன்னதற்குச் சாட்சி.

அதற்குப் பிறகு எனக்கு மிஞ்சியது சனிக்கிழமை. மற்ற ஆறு நாளும் வீட்டில் பேசுவது கெட்டில் மட்டும்தான். சனிக்கிழமை மத்தியானம் கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மேட்டில் ஏறினால், கிளப் வாசலிலேயே யாராவது ஆரம்பிப்பார்கள்.

"வந்துட்டான்யா கொடி! இன்னிக்காவது கண்ணைக் கொண்டாந்தியா, வீட்லயே வெச்சுட்டியா?"

எங்கள் பள்ளத்தாக்கில் ஒருவனுக்குப் பட்டப்பெயர் கிடைக்கவில்லை என்றால் அவன் இன்னும் ஊருக்குள் வந்து சேரவில்லை என்று பொருள். பால் ஊற்றியவன் செத்து இருபது வருஷம் கழித்தும் அவன் பேரன் 'பால்' தான். நான் 'கொடி'. மிஸ்டர் புரோபர்ட் என்ற பெயர் டெஸ்டுக்கு வருகிறவர்களுக்கானது, அதுவும் அவர்களுக்குக் கை நடுங்கும்போது.

அந்த வருஷத்து லீக் செப்டம்பரில் ஒரு வெற்றியோடு தொடங்கியது. அதுதான் எங்களைக் கெடுத்தது. தலைவர் ஹாண்டெல் பிராஸர் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு நாற்காலிமேல் ஏறினார். அவர் நகரசபை உறுப்பினரும்கூட. தெருவிளக்கு ஒன்று எரிந்தாலும் அதற்கு உரையாற்றுவார்.

"நண்பர்களே! இன்று இந்தப் பள்ளத்தாக்கில் ஒரு புதிய சகாப்தம் பிறந்திருக்கிறது!"

அடுத்த சனிக்கிழமை ஐம்பது புள்ளி வித்தியாசத்தில் தோற்றோம். சகாப்தத்துக்கு ஒரு வாரம்தான் ஆயுசு. அக்டோபரில் முன்வரிசை ஆள் ஒருவனுக்குத் தோள் கழன்றது. நவம்பரில் இன்னொருவனுக்குக் கல்யாணம் ஆனது; இரண்டுக்கும் விளைவு ஒன்றுதான். டிசம்பரில் மைதானம் உறைந்து கிடந்தது. ஜனவரியில் வெளியூர் ஆட்டத்துக்குப் பதினான்கு பேர்தான் பஸ்ஸில் ஏறினார்கள். பஸ் டிரைவரையே இறக்கி ஆடவைத்தோம். அந்த ஆட்டத்தில் எங்கள் பக்கம் பந்தை எதிரணியின் கோட்டுக்கு அப்பால் ஊன்றி ட்ரை போட்டது அவர் ஒருவர்தான். தேசிய அணி ஆடும் வாரங்களில் லீகுக்கு விடுமுறை. அந்த வாரங்களில் நாங்கள் தோற்றதே இல்லை என்பதைத் தலைவர் தன் அறிக்கையில் குறிப்பிடத் தவறவில்லை.

எங்கள் மைதானத்தின் ஒரு பக்கம் கிளப் கட்டடமும் கம்பி வேலியும். ஊரே அங்கேதான் சாய்ந்து நிற்கும். எதிர்ப்பக்கம் ஆறு. விருந்தாளி லைன்ஸ்மேனுக்கு ஜனங்கள் இருக்கும் பக்கத்தைத் தர வேண்டும், உள்ளூர்க்காரன் ஆற்றுப் பக்கம் ஓட வேண்டும் என்பது அந்தக் காலத்திலிருந்தே எங்களிடம் வழக்கம். மரியாதை என்று சொல்வார்கள். பக்கத்தில் நின்று திட்ட வசதியாக இருக்கும் என்பதுதான் காரணம். ஆக சொந்த ஊரில் ஆடும்போதெல்லாம் எனக்குத் துணை ஆறும், அக்கரையில் மேயும் ஆடுகளும்தான். மழை பெய்தால் மூன்று பேரும் நனைவோம். எதிரே வேலியோரம் சிரிப்பும் பாட்டும் கேட்கும். என்னை வையும் குரல் மைதானத்தைக் கடந்து வருவதற்குள் பாதி காற்றில் போய்விடும். மீதிப் பாதியில் என் பெயர் மட்டும் கேட்கும். அது போதும்.

எல்லாவற்றிலும் தெளிவாகக் கேட்பது நெஸ்டா பௌவன் குரல். கிளப் சமையலறை அவள் ராஜ்ஜியம். ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணிக்கும் பாதி சோறும் பாதி உருளைக்கிழங்கு வறுவலும் போட்டு மேலே கறிக்குழம்பு ஊற்றித் தருவாள். அவள் மகன் யெஸ்டின்தான் எங்கள் அணியில் கோலுக்கு உதைப்பவன். நெஸ்டாவை நான் மூன்று தடவை ஃபெயில் ஆக்கியிருக்கிறேன், யெஸ்டினை இரண்டு தடவை. அந்தக் குடும்பம் அந்த வருஷமும் நடந்துதான் போனது. ஆனாலும் ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் கவுன்ட்டருக்கு வருமுன்பே என் தட்டு தயாராக இருக்கும்.

"இந்தாடா கொடி. குழம்பு கோட்டைத் தாண்டாம ஊத்தியிருக்கேன். சரியா இருக்கா பாத்துச் சொல்லு. இல்லேன்னா இதுக்கும் ஃபெயில் போட்ருவ."

பாய்லருக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி உண்டு. அதில் உட்கார்ந்து சாப்பிடுவேன். நான் வரவில்லை என்றாலும் அதில் வேறு யாரும் உட்காரமாட்டார்கள். மெரியல் போன பிறகு இந்த உலகத்தில் எனக்கென்று ஒதுக்கப்பட்ட ஒரே இடம் அந்த முக்காலிதான். பாய்லர் சூட்டில் ஒரு பக்கம் வேகும், இன்னொரு பக்கம் விறைக்கும். குறை சொன்னதில்லை.

ஏப்ரல் கடைசியில் நிலைமை இதுதான்: கடைசி இரண்டு இடத்தில் இருப்பவர்கள் கீழ் டிவிஷனுக்கு இறங்க வேண்டும். கடைசி இடம் ஏற்கெனவே ஒருவருக்கு உறுதியாகிவிட்டது. மற்றது எங்களுக்கா, மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பிளென்மோருக்கா என்பதுதான் கேள்வி. அவர்கள் ஆட்டமெல்லாம் முடிந்துவிட்டது. பட்டியலில் அவர்களும் நாங்களும் சமம். ஆனால் அவர்கள் எங்களைவிட ஓர் ஆட்டம் கூடுதலாக ஜெயித்திருந்ததால் ஒரு படி மேலே. எங்களுக்கு ஒரே ஒரு ஆட்டம் பாக்கி, அதிலிருந்து ஒரே ஒரு புள்ளி வேண்டும்.

அந்த ஒரு புள்ளிக்கு ஜெயிக்கக்கூட வேண்டாம். எங்கள் லீகில் கௌரவமாகத் தோற்பதற்கும் பரிசு உண்டு. ஏழு புள்ளிக்குள் தோற்றால் பட்டியலில் ஒரு புள்ளி போடுவார்கள். எதிரணியோ ட்ரெகெய்ரி, ஏற்கெனவே சாம்பியன் ஆனவர்கள். அவர்களை ஜெயிக்க முடியும் என்று தலைவரே உரையாற்றவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"இன்று நம் இலக்கு," என்றார் ஹாண்டெல் பிராஸர், உடை மாற்றும் அறைக்குள் கோட்டோடு நுழைந்து, "ஒரு மகத்தான, வரலாற்றுச் சிறப்புமிக்க, ஏழு புள்ளித் தோல்வி!"

"ஆறுல தோத்தா பரவால்லையா, இல்ல வரலாறு கோச்சுக்குமா?" என்று யெஸ்டின் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே கேட்டான்.

ஊரே வந்திருந்தது. நான் ஆற்றுப் பக்கம் போய் நின்றேன். ட்ரெகெய்ரியின் லைன்ஸ்மேன் ஹெட்லி எதிர்ப்பக்கம், ஜனங்களின் வாய்க்கு நேராக. ஹெட்லியும் நானும் வருஷத்துக்கு இரண்டு தடவை, ஒரு மைதானத்தின் அகலத்தைத் தள்ளி நின்று, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே வயதானவர்கள். கம்பத்தின் பின்னால் சேரும்போது தலையாட்டிக்கொள்வோம். ஒரு தடவை மழை என்று சொன்னான். ஆமாம் என்றேன். அவ்வளவு நெருக்கம்.

எங்கள் பையன்கள் அன்று செத்துப் பிழைத்தார்கள். நேரம் முடியும்போது ட்ரெகெய்ரி இருபத்தேழு, நாங்கள் பதினேழு. வித்தியாசம் பத்து. இரண்டு அணியும் தோளோடு தோள் முட்டித் தள்ளும் ஸ்க்ரம் சரிந்தது, நடுவர் விசில் ஊதி எங்கள் பக்கம் கையைக் காட்டினார். பெனால்ட்டி. உதைத்து உள்ளே போனால் மூன்று புள்ளி. இருபத்தேழுக்கு இருபது. ஏழில் தோல்வி. இதுதான் ஆட்டத்தின் கடைசி உதை.

யெஸ்டின் பந்தை நட்டு வைத்தான். தூரமும் அதிகம், கோணமும் மோசம். ஹெட்லியும் நானும் கம்பங்களை நோக்கி நடந்தோம். நான் ஆற்றுப் பக்கத்துக் கம்பம்.

"கஷ்டமா இருக்குப்பா," என்றான் ஹெட்லி, என்னைப் பார்க்காமல். மழைக்கு அப்புறம் அவன் என்னிடம் சொன்ன இரண்டாவது விஷயம்.

"எது?"

"நல்ல சாப்பாடு போடற ஊரு. அடுத்த வருஷம் வர முடியாதுன்னா கஷ்டமாத்தான் இருக்கு."

வேலியோரம் பாட்டு நின்றது. யெஸ்டின் மூன்று அடி பின்னே போனான், மூச்சை இழுத்தான், வந்தான், உதைத்தான். நல்ல உதை. பந்து எழும்பி, ஆற்றுக்காற்றில் ஒருமுறை தயங்கி, வளைந்து, கம்பத்தின் உச்சிக்கும் மேலே வந்தது. என் கம்பம். கம்பத்துக்கு மேலே கம்பம் கிடையாது. அதற்குமேல் எதையும் பார்க்க முடிகிறவன் அடியில் நிற்கிறவன் ஒருவன்தான். கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தேன். ஒரு பந்தின் பாதி அகலம் வெளியே போனது.

வேலியோரம் நின்றவர்களுக்கு அது உள்ளே போனது போலத்தான் தெரிந்திருக்கும். அங்கிருந்து கூச்சல் எழுந்தது. திரும்பிப் பார்த்தேன். ஹெட்லி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கொடி பாதி உயர்ந்திருந்தது. எதிர் ஊர்க்காரன், சாம்பியன், இதில் லாப நஷ்டம் எதுவும் இல்லாதவன், எனக்காகப் பாதி தூக்கி வைத்திருந்தான். மீதியை நீ தூக்கு என்பது போல் புருவத்தை உயர்த்தினான். நடுவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

இந்த இடத்தில் நான் நேர்மையைப் பற்றி ஏதாவது நினைத்தேன் என்று சொன்னால் அது ஹாண்டெல் பிராஸர் உரை ஆகிவிடும். பிளென்மோரைப் பற்றி நினைக்கவில்லை. நினைத்ததெல்லாம் பாய்லர் பக்கத்து முக்காலியைத்தான். தூக்கினால் அது இருக்கும், தூக்காவிட்டால் இருக்காது என்று அந்த நொடியிலேயே தெரிந்தது. தெரிந்தும் கை எழவில்லை. இத்தனை வருஷம் பந்து உள்ளே போனால் எழுந்து பழகிய கை. வேறு எதற்கும் எழ அதற்குத் தெரியவில்லை.

தலையை ஆட்டினேன். ஹெட்லி மெதுவாகத் தன் கொடியை இறக்கினான். நடுவர் விசில் ஊதினார்.

கூச்சல் அப்படியே நின்றது. ஆற்றுச் சத்தம் மைதானம் முழுக்கக் கேட்டது. அதை எங்கள் ஊர் அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டிருக்கும். யாரும் திட்டவில்லை. காத்துக்கொண்டு நின்றேன், ஒருவரும் திட்டவில்லை. கூட்டத்தில் யாரோ ஒருவன் மட்டும் சாதாரணக் குரலில் சொன்னான்: "இவன் எப்ப யாரைப் பாஸ் பண்ணியிருக்கான்?"

கிளப்புக்குள் போனபோது வழி விட்டார்கள். எங்கள் கிளப்பில் யாருக்கும் யாரும் வழி விட்டதில்லை, முட்டித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். அன்று எனக்கு ராஜபாட்டை. தலைவர் நாற்காலிமேல் நின்று, "தோல்வியிலும் நாம் காட்டிய கண்ணியம்…" என்று ஆரம்பித்து என்னைப் பார்த்ததும் கண்ணியத்தை அங்கேயே விட்டுவிட்டு இறங்கினார். கவுன்ட்டரில் என் தட்டு இல்லை. வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் நெஸ்டா நிமிர்ந்து பார்த்தாள். கண் சிவந்திருந்தது.

"சோறா, வறுவலா, இல்ல ரெண்டும் பாதிப் பாதியா மிஸ்டர் புரோபர்ட்?"

பதினெட்டு வருஷமாக எனக்குப் பாதிப் பாதிதான் என்று அவளுக்குத் தெரியும்.

"பாதிப் பாதி," என்றேன்.

"சரிங்க."

முக்காலியில் ட்ரெகெய்ரி ஆள் ஒருவன் உட்கார்ந்திருந்தான், பாவம், தெரியாமல். யாரும் அவனை எழுப்பவில்லை. தட்டை ஜன்னல் திண்டில் வைத்து நின்றுகொண்டு சாப்பிட்டேன். ஹெட்லி தூரத்தில் தன் ஊர்க்காரர்கள் நடுவே இருந்தான். போகும்போது என் பக்கம் தலையாட்டினான்.

அந்தக் கோடை முழுக்க ஊர் என்னிடம் மரியாதையாக நடந்துகொண்டது. கடைக்குள் நுழைந்தால் பேச்சு நிற்கும், "வாங்க மிஸ்டர் புரோபர்ட்" என்பார்கள், மிச்சச் சில்லறையை எண்ணாமல் கையில் வைப்பார்கள், கதவைத் திறந்து விடுவார்கள். கல்லால் அடித்திருந்தால்கூட வலி இத்தனை நாள் இருந்திருக்காது. யெஸ்டின் மூன்றாம் தடவை டெஸ்டுக்கு வந்தான். பக்கத்தில் உட்கார்ந்து அரைமணி நேரம் "இடது பக்கம் திரும்புங்க", "நேரா போங்க" என்பதைத் தவிர நான் எதுவும் சொல்லவில்லை. நன்றாக ஓட்டினான். பாஸ். பயந்து பாஸ் போட்டேன் என்று ஊர் சொல்லும் என்று தெரிந்தே போட்டேன், ஏனென்றால் நன்றாக ஓட்டினான்.

"தேங்க்ஸ்," என்றான் வண்டியை நிறுத்திவிட்டு. பிறகு, ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே, "வெளியதான போச்சு?"

"ஆமா."

"காலை விட்டுப் போகும்போதே எனக்குத் தெரிஞ்சுது," என்றான். "ஆனா அம்மாகிட்ட சொல்லிடாதீங்க."

ஜூனில் பிளென்மோர் கிளப்பிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மத்தியான விருந்துக்கு அழைத்தார்கள். போக வேண்டாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் வீட்டில் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. மலையைச் சுற்றிப் பஸ்ஸில் போனேன். அங்கே கோட்டு பச்சை நிறம். மற்றபடி அதே தொப்பை, அதே தங்க நூல், அதே நாற்காலி. அவர்கள் தலைவர் என்னை மேடை மேசையில் உட்காரவைத்து, என்னை "இருளில் ஒளிரும் கலங்கரை விளக்கம்" என்றார். அந்த ஊரிலிருந்து கடலுக்கு ஒரு மணி நேரப் பயணம். எல்லாரும் எழுந்து கை தட்டினார்கள். ஆட்டுக்கறியும் புதினாச் சட்னியும் ஆறிக்கொண்டிருந்தன. என் இரண்டு பக்கமும் உட்கார்ந்தவர்கள் எனக்குக் குறுக்கே, தங்கள் முழங்கால் ஆபரேஷன் பற்றிப் பேசிக்கொண்டார்கள்.

புறப்படும்போது தலைவர் வாசல்வரை வந்து தோளில் கை போட்டார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க, நமக்குள்ள இருக்கட்டும்," என்று குரலைத் தாழ்த்தினார். "நெஜமாவே வெளியதான் போச்சா?"

"வெளியதான்."

"அடேங்கப்பா," என்று சிரித்தார். "எங்க ஆளா இருந்தா கண்ணை மூடிட்டுத் தூக்கியிருப்பான். தூக்கலேன்னா நாங்களே தூக்கி ஆத்துல போட்டிருப்போம்!"

பஸ் வர நேரமாகும் என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார். உள்ளே பாட ஆரம்பித்தார்கள். நல்ல குரல்கள். எங்கள் ஊர்க்காரர்கள் பாடும் அதே பாட்டுதான். நான் வெளியே நிழற்குடையில் உட்கார்ந்து கேட்டேன்.

ஆகஸ்டில் எங்கள் கிளப்பின் பொதுக்கூட்டம். உறுப்பினர் என்ற முறையில் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். என் வரிசையில் நான் மட்டும். ஹாண்டெல் பிராஸர் தொண்டையைச் செருமினார்.

"கிளப்பின் எதிர்காலம் கருதி, யார்மீதும் காழ்ப்பின்றி, லைன்ஸ்மேன் பொறுப்பில் ஒரு புதிய இரத்தம் பாய்ச்சப்பட வேண்டும் என்ற தீர்மானம் உங்கள் முன் வைக்கப்படுகிறது."

முன்மொழிந்தார்கள், வழிமொழிந்தார்கள், கைகள் எழுந்தன. ஒருவர் பாக்கியில்லை. ஏப்ரலில் எழாத என் ஒரு கைக்குப் பதிலாக ஊரே இப்போது தூக்கியது.

"ஒருமனதாக நிறைவேறியது," என்றார் தலைவர் திருப்தியாக. "ஆகவே, இந்தப் பெருமைமிக்க பொறுப்பை ஏற்க முன்வருபவர் யார்?"

கைகள் எப்படி இறங்கின என்று பார்த்திருக்க வேண்டும். ஒருவர் கூரையைப் பார்த்தார். ஒருவர் ஷூவைப் பார்த்தார். கமிட்டி இருபத்தொரு பேரும் ஒரே சமயத்தில் கோட்டில் தூசி தட்டினார்கள்.

"டேய் பால், நீ போயேன்," என்றது ஒரு குரல்.

"எனக்கு இடுப்பு."

"தலைவரே போலாமே. கோட்டு இருக்கு, கொடியும் சேந்தா எடுப்பா இருக்கும்."

"என் பொதுப்பணிகள்…" என்றார் ஹாண்டெல் பிராஸர்.

"ஜனவரி மழையில ஆத்துப் பக்கம் எவன் ஓடுவான்?" என்றாள் நெஸ்டா சமையலறைக் கதவருகில் நின்று. யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

கடைசியில் தலைவர், மறு ஏற்பாடு செய்யப்படும்வரை இடைக்கால அடிப்படையில், எந்த முன்னுதாரணமும் ஏற்படுத்தாத வகையில், மிஸ்டர் புரோபர்ட்டே தொடர்வார் என்று அறிவித்தார். கை தட்டவில்லை. என்னைக் கேட்கவும் இல்லை. மன்னிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். நான் வீட்டுக்குப் போய்க் கொடியைத் துவைத்துக் காயப்போட்டேன்.

செப்டம்பரில் கீழ் டிவிஷனின் முதல் ஆட்டம், வெளியூரில், அபர்ஹெலன் என்று ஒரு மூலை. மேட்டின் அடியில், கம்பளக் கடையாகிவிட்ட பழைய தேவாலயத்தின் வாசலில் நின்றேன். எப்போதும் அங்கேதான் பஸ் என்னை ஏற்றிக்கொள்ளும். இந்தத் தடவை நிற்குமா என்று தெரியவில்லை. வளைவில் திரும்பி வந்தது. சிக்னல் போட்டது, நின்றது.

"ஏறுங்க மிஸ்டர் புரோபர்ட்," என்றார் டிரைவர்.

முன் சீட்டில் தனியாக உட்கார்ந்தேன். பின்னால் கலாட்டாவும் பாட்டும். அபர்ஹெலன் போய்ச் சேரும்வரை பஸ் ஓட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு ரவுண்டானாவில் டிரைவர் தவறு செய்தார். வாயைத் திறக்கவில்லை.

விருந்தாளி என்பதால் எனக்கு ஜனங்கள் பக்கம். வேலி முழுக்க அபர்ஹெலன் ஊர், ஒரு கோடியில் எங்கள் ஊரிலிருந்து வந்த நாலைந்து பேர், நெஸ்டா ஃப்ளாஸ்க்கோடு. முதல் பாதி முழுக்க அபர்ஹெலன்காரர்கள் என்னை வைதார்கள். என் கண்ணை, என் காலை, என் பிறப்பை. முன்பின் தெரியாதவர்கள், எவ்வளவு உரிமையாக! பல மாதங்களுக்குப் பிறகு உடம்பில் ரத்தம் ஓடுவது போல் இருந்தது.

இரண்டாம் பாதியில் ஒரு பந்து என் காலடியிலேயே வெளியே போனது. கடைசியாகத் தொட்டது அவர்கள் ஆள். கொடியைத் தூக்கி, எங்கள் பக்கம் கை காட்டினேன். என் முதுகுக்கு நேர் பின்னால், கையில் பாதி தின்ற கறி பப்ஸ் வைத்திருந்த ஒரு தடியன் வேலியைப் பிடித்து உலுக்கினான்.

"ஏய்! ஏமாத்துக்காரப் பயலே! உன் ஊருக்குத் தூக்கிக் குடுக்கத்தான் கொடி எடுத்துட்டு வந்தியா?"

வேலியின் கோடியிலிருந்து ஃப்ளாஸ்க் மூடி சிமென்ட்டில் விழும் சத்தம் கேட்டது.

"யாரைடா ஏமாத்துக்காரன்ங்கற?" நெஸ்டாவின் குரல். அதற்கு மைக் வேண்டாம். "எங்க கொடியையா? அவனைப் பத்தி உனக்கு என்னடா தெரியும் தடிமாடு? ஏமாத்தத் தெரிஞ்சவனா இருந்தா, நாங்க ஏன்டா இந்த டிவிஷனுக்கு வந்து உன் மூஞ்சியைப் பாத்துட்டு நிக்கறோம்?"

தடியன் வாயில் பப்ஸ் நின்றுவிட்டது. எங்கள் ஊர் ஆட்கள் யாரோ சிரித்தார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. லைன்ஸ்மேன் கூட்டத்தைத் திரும்பிப் பார்க்கக் கூடாது. கொடியைத் தூக்கியபடியே நின்றேன், தேவைக்கு மேல் கொஞ்சம் அதிக நேரம்.

"என்னடா மரம் மாதிரி நிக்கற?" என்றாள் என் முதுகைப் பார்த்து. "பந்து அங்க போய்ட்டிருக்கு, ஓடு!"

ஓடினேன். கோடு நீளமாக, ஈரமாக, ஆளில்லாமல் முன்னே கிடந்தது.